“நான் மொக்குத்தானே அம்மா” என்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்குச் சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் ஒரேயொரு கேள்விதான். விசுவமடுவில் இருந்து ஒரு தாய் குரல்பதிவாக அனுப்பியிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார், சரி. மகளுக்குப் பத்து வயது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு ஏழு புள்ளி குறைந்துவிட்டது. அன்றைக்குத் தொடக்கம் எதைக் கேட்டாலும் “நான் மொக்குத்தானே அம்மா”, அதாவது மூளையில்லாதவள்தானே என்று சொல்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை சபையில் நடக்கிற ஓய்வுநாள் பாடசாலைக்கும் வர மாட்டேன் என்கிறாளாம். தாய் கேட்பது இரண்டு விஷயம். விசுவாசத்தைக் கொண்டு இந்தப் பிள்ளைக்குத் தன்மதிப்பை எப்படி ஊட்டுவது? அப்புறம், “நீ பெறுமதியானவள்” என்று சொல்லிச் சொல்லி வளர்த்தால் பிள்ளைக்குப் பெருமை ஏறிவிடாதா, வேதம் தாழ்மையைத்தானே சொல்கிறது?

தங்கச்சி, பிள்ளை ஓய்வுநாள் பாடசாலைக்கு வர மாட்டேன் என்று நிற்பதில் இருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அதில் ஓய்வுநாள் பாடசாலையில் படிப்பிக்கிற எங்களுக்கும் பங்கு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பெறுபேறு வந்த கையோடு, சித்தியடைந்த நான்கு பிள்ளைகளை ஞாயிறு ஆராதனையில் முன்னுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு வேதாகமமும் பேனைப் பெட்டியும் கொடுத்து, சபையைக் கைதட்ட வைத்தது வேறு யாருமில்லை, நான்தான். வகுப்பில் பதினொரு பேர். மிச்சம் ஏழு பேர் வாங்கில் இருந்தார்கள். அதில் ஒரு பிள்ளை குனிந்து சப்பாத்து வாரைக் கழற்றினாள், பூட்டினாள், திரும்பக் கழற்றினாள். கைதட்டல் அடங்கும் வரைக்கும் நிமிரவே இல்லை. பிறகு மூன்று கிழமை அவள் வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். அந்த வாரை அவள் ஏன் கழற்றிக் கழற்றிப் பூட்டினாள் என்று எனக்கு விளங்க எவ்வளவு நாள் எடுத்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மனன வசனப் போட்டியும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பாடமாக்க ஏலாத பிள்ளை, ஆண்டவருடைய வீட்டிலும் ஸ்டிக்கர் இல்லாமல்தான் திரும்புகிறது. பிறகு “ஆண்டவர் எல்லோரையும் சமமாக நேசிக்கிறார்” என்று நாங்கள் பாட்டும் படிப்பிக்கிறோம். பிள்ளை பாட்டை நம்புமா, ஸ்டிக்கரை நம்புமா?

அந்தப் பரீட்சையைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. உதவிப்பணத்துக்கும் பெரிய பாடசாலை அனுமதிக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்ய வைத்த வடிதட்டு அது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அதாவது ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில், ஒரு மாவட்டத்துப் பிள்ளை கெட்டிக்காரியாகவும் அடுத்த மாவட்டத்துப் பிள்ளை “விட்டுட்டாள்” என்றும் ஆகலாம். பிள்ளையின் மூளையா மாவட்ட எல்லையில் மாறியது? இதை மகளுக்கு ஒருமுறை நிதானமாக விளங்கப்படுத்துங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும்.

சரி, வேதத்துக்கு வருவோம். இப்படியான பிள்ளைகளுக்குச் சங்கீதம் 139ஐத்தான் எல்லோரும் எடுப்போம், “நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால்” என்று. நல்ல வசனம். ஆனால் பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது எடுத்து வாசிக்காதீர்கள். அந்த நேரத்தில் அது “அழாதே, வாயை மூடு” என்றுதான் பிள்ளையின் காதில் விழும். எனக்கு மேவிபோசேத்தின் கதைதான் இதற்குப் பொருத்தம் என்று படுகிறது. 2 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தில் ஒரே வசனமாகத் தொடங்கி, 9ஆம் அதிகாரத்தில் விரிகிற கதை.

சவுல் ராஜாவின் மகன் யோனத்தானுடைய பிள்ளை. அரச வீட்டுப் பிள்ளை. போரில் தகப்பனும் தாத்தாவும் செத்துப்போன செய்தி வருகிறபோது அவனுக்கு ஐந்து வயது. வளர்த்த தாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஓடுகிற அவசரத்தில் பிள்ளை விழுந்துவிட்டான், இரண்டு காலும் போய்விட்டது. பழைய மொழிபெயர்ப்பு “முடவன்” என்று எழுதும், இப்போது நாங்கள் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. வன்னியில் இந்த வசனத்துக்கு விரிவுரை தேவையில்லை. 2009இல் மாத்தளன் பக்கமும் முள்ளிவாய்க்கால் பக்கமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாத குடும்பம் எது? தூக்கி ஓடிய கையில் இருந்து எத்தனை பிள்ளைகள் விழுந்தார்கள்?

பிறகு அவன் லோதேபார் என்ற இடத்தில், இன்னொருவர் வீட்டில் ஒதுங்கி வளர்கிறான். யோனத்தானின் தோழனாயிருந்து பிறகு ராஜாவான தாவீது ஆளனுப்பிக் கூப்பிட்டபோது வந்து விழுந்து வணங்கி, தன்னைத்தானே என்ன சொல்கிறான் தெரியுமா? “செத்த நாய்.” உங்கள் மகள் “மொக்கு” என்கிறாளே, அதைவிட ஒரு படி மேலே. தாவீது உடனே “இல்லை, நீ கெட்டிக்காரன்” என்று வாதாடவில்லை. அதற்கு முன்னமே “பயப்படாதே” என்று சொல்லிவிட்டான், தகப்பன் யோனத்தானுக்காகத் தயை செய்வேன் என்றும், என் பந்தியில் நித்தம் சாப்பிடுவாய் என்றும் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அவன் என்ன செய்து காட்டினான் என்று கேட்கவே இல்லை.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அந்த அதிகாரத்தின் கடைசி வரியை. ராஜாவின் பந்தியில் நித்தம் சாப்பிட்டான் என்று சொன்ன கையோடு, “அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது” என்று எழுதி முடிக்கிறது. கால் சுகமாகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், “ஜெபம் பண்ணு, அடுத்த பரீட்சையில் ஆண்டவர் உன்னை முதலாம் பிள்ளையாக்குவார்” என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். முதலாம் பிள்ளையாக வராவிட்டால் பரீட்சையோடு ஆண்டவரும் சேர்ந்து கைவிட்டதாகிவிடும். புள்ளி குறைந்தபடியே உனக்கு இங்கே தட்டு வைத்திருக்கிறது என்பதுதான் சுவிசேஷம். இயேசுவுக்கும் யோர்தானில் “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்ற சத்தம் வந்தபோது, மத்தேயுவின்படி அவர் இன்னும் ஒரு பிரசங்கம் பண்ணியிருக்கவில்லை, ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை.

இன்னொன்று, இது உங்களுக்கு. குரல்பதிவின் கடைசியில், சாதாரண தரம் எழுத வேண்டிய வயதில் இடம்பெயர்ந்து போனதால் படிப்பு நின்றுவிட்டது, அதுதான் மகளையாவது என்று சொல்லிக்கொண்டு வந்து, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தத் தாதியை நினையுங்கள். அவள் பிள்ளையை வெறுத்துப் போடவில்லை. காப்பாற்றத்தான் ஓடினாள், ஓட்டத்தில் விழுந்துவிட்டது. ரியூசனுக்கு மேல் ரியூசன், காலை நாலரைக்கு எழுப்பிப் பேப்பர் செய்ய வைத்தது எல்லாம் நீங்கள் அன்பில் ஓடிய ஓட்டம். உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இடம்பெயர்ந்திருந்த தறப்பாள் கொட்டிலுக்குள் விட்டுப்போன உங்கள் படிப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் கொப்பியில் எழுதி முடிக்க ஏலாது. இதை மகளிடமே ஒரு நாள் சொல்லுங்கள். “அம்மாவுக்கும் ஒரு பரீட்சை விட்டுப்போனது” என்று. வசனம் சொல்வதைவிட அது கூடச் செய்யும்.

பெருமை வந்துவிடுமோ என்ற கேள்வி. ரோமர் 12:3, எண்ண வேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல் தெளிந்த எண்ணமாய் இருக்கச் சொல்கிறது. மிஞ்சி எண்ணுவதும் தெளிவில்லை, “நான் மொக்கு” என்று குறைத்து எண்ணுவதும் தெளிவில்லை. யோவான் 13ஐயும் பாருங்கள். தாம் பிதாவிடம் இருந்து வந்ததையும் அவரிடமே போவதையும் இயேசு அறிந்து, எழுந்து துவாயைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவுகிறார். தான் யாருடைய பிள்ளை என்று தெரிந்தவருக்குக் குனிவதில் குறைச்சல் இல்லை. எங்கள் ஊரில் தாழ்மை என்று நாங்கள் சொல்வது பல நேரம் பயம், அவ்வளவுதான். பிள்ளை வாய் திறக்காமல் மூலையில் நின்றால் “நல்ல அடக்கமான பிள்ளை” என்கிறோம்.

வீட்டில் என்ன செய்யலாம்? தலை இழுத்துப் பின்னுகிற நேரம் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தெரிந்த நல்ல நேரம். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, பிள்ளையும் ஓட ஏலாது. ஏசாயா 43:4, “நீ என் பார்வைக்கு அருமையானபடியினால்” என்ற அந்த வரியில் மகளின் பெயரைப் போட்டு ஒருமுறை சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை போதும், பிரசங்கம் வேண்டாம்.

கணக்கில்தான் புள்ளி போனது என்றீர்கள். அப்படியென்றால் இந்தக் கணக்கைக் கொடுங்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவி. அப்படியானால் இரண்டு காசுக்கு? நாலு என்று சொல்வாள். லூக்காவைத் திறந்து காட்டுங்கள், ஐந்து என்று இருக்கும். ஐந்தாவது குருவி சும்மா கொசுறாகப் போட்டது, அதற்கு விலையே இல்லை. அதைச் சொன்ன வாயோடுதான் “அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை” என்கிறார். வீட்டுத் தாழ்வாரத்தில் நாங்கள் முட்டி கட்டிவிடுகிற அதே குருவி.

கனடாவில் இருந்து பெரியம்மா எடுத்து “எத்தனை மார்க்ஸ்?” என்று கேட்டால், பிள்ளையின் கையில் போனைக் கொடுக்காதீர்கள். நீங்களே சொல்லி முடியுங்கள். சொந்தத்தில் யாருடைய பிள்ளையோடும் ஒப்பிட வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை சாப்பிடாமல், நித்திரை இல்லாமல் கிழமைக் கணக்காகப் போனால், அல்லது “நான் செத்தால் நல்லது” என்ற மாதிரி ஒரு சொல் வந்தால், ஜெபத்தோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். 1926க்கு எடுத்தால் மனநல உதவிக்குக் கதைக்கலாம், சிறுவர்களுக்கு 1929. இது விசுவாசக் குறைவு இல்லை.

போன மாதம் மேவிபோசேத் கதையை எங்கள் வகுப்பில் சொன்னேன். இப்போது நாங்கள் பரிசும் கொடுப்பதில்லை, ஸ்டிக்கரும் இல்லை. வாசிக்கவே கஷ்டப்படுகிற ஒரு பொடியன், எட்டு வயதிருக்கும், கையை உயர்த்தினான். “ரீச்சர், அவருக்கு நடக்க ஏலாதுதானே. அப்ப ஒவ்வொரு நாளும் மேசைக்கு அவரை ஆர் தூக்கிக்கொண்டு வந்தது?” இத்தனை வருடம் படிப்பிக்கிறேன், அதை நான் யோசித்ததே இல்லை. புத்தகத்தைத் திரும்பப் பிரட்டிப் பார்த்தேன். சவுலின் வீட்டு வேலைக்காரன் சீபாவுக்கு 15 பிள்ளைகள், 20 வேலைக்காரர் என்று எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது. தூக்கி வந்தது யார் என்று மட்டும் இல்லை. “தெரியாதடா” என்றேன். “ராசாவே தூக்கியிருப்பார்” என்று சொல்லிவிட்டு அவன் தன் பாட்டில் படம் கீறப் போய்விட்டான்.

தங்கச்சி, மகளை வருகிற ஞாயிறு கூட்டிக்கொண்டு போகாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த கிழமை பாருங்கள். மிச்சக் கேள்விகளை அடுத்த பதிவில் எடுக்கிறேன்.