தட்டம்மை துடைத்தழிக்கும் நினைவாற்றல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட கடலில் ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. 1846-ஆம் ஆண்டு அங்கே தட்டம்மை பரவியது; எண்ணாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்களில் ஏறத்தாழ 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க்கிலிருந்து அனுப்பப்பட்ட பீட்டர் லுட்விக் பானும் என்ற இளம் மருத்துவர் ஊர் ஊராகச் சென்று விசாரித்தார். 1781-இல் அத்தீவுகளில் தட்டம்மை கண்டு பிழைத்து, அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களில் ஒருவரைக்கூட நோய் மறுமுறை தொடவில்லை என்று அவர் குறித்துவைத்தார். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அந்த நோய் தீவுகளை எட்டிப் பார்க்கவே இல்லை என்பதால், உடல் தானாகவே அந்த நினைவைக் காத்து வந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று.

வைரஸ் நுழைந்தவுடன் தாக்கப்பட்ட செல்கள் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கின்றன. அடுத்த சில நாட்களில் அந்த வைரஸை இனங்காணவல்ல வெள்ளையணுக்களான டி செல்களும் பி செல்களும் பல்கிப் பெருகுகின்றன. டி செல்களில் ஒரு வகை நோயுற்ற செல்களை அழிக்க, பி செல்களிலிருந்து உருவாகும் பிளாஸ்மா செல்கள், கிருமியைப் பற்றிக்கொண்டு முடக்கும் புரதமான எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. நோய் தணிந்ததும் இவற்றுள் பெரும்பாலானவை மடிந்துபோனாலும், எஞ்சும் நினைவுச் செல்களும் எலும்பு மஜ்ஜையில் குடியேறும் பிளாஸ்மா செல்களும் பல்லாண்டுகள் வாழ்கின்றன.

"அப்படியானால் அம்மை தானாக வந்து போகட்டுமே, ஊசி எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தட்டம்மை வைரஸ் உடலுக்குள் புகப் பயன்படுத்தும் வாசல்களில் ஒன்று, நினைவுச் செல்களின் மேற்பரப்பிலேயே இருக்கும் ஒரு புரதம். ஆகவே, முன்பு வந்த சளி, நிமோனியா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றின் கிருமிகளை நினைவில் வைத்திருந்த செல்களையே அது தேடித் தாக்குகிறது. கணக்குப் புத்தகத்தின் பழைய பக்கங்களைக் கிழித்தெறிந்துவிட்டுத் தன் பெயரை மட்டும் எழுதிவைப்பது போன்ற செயல் இது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் இரத்தத்தை, தட்டம்மை வருவதற்கு முன்னும் வந்த பின்னும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில், அவர்களிடம் முன்பிருந்த பல்வகை எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை மறைந்திருந்தது தெரியவந்தது. "அம்மை இறங்கியும் பிள்ளை தேறவேயில்லை, ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது" என்று தாய்மார் சொல்வதில் உள்ள உண்மை இதுவே. என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வதும் இதுவே.

தடுப்பூசியில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான். ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்டது. அது தட்டம்மைக்கான நினைவை உண்டாக்குகிறது. பழைய நினைவுகளில் கைவைப்பதில்லை. அதே ஆய்வில், தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இத்தகைய இழப்பு காணப்படவில்லை.

நம் நாட்டில் தட்டம்மையையும் ரூபெல்லா என்னும் இன்னொரு வகை அம்மையையும் தடுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்ததும் போடப்படுகிறது. அதற்கு முன்பு போட்டால், கருவிலேயே தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் ஊசியில் உள்ள வைரஸையும் முறியடித்துவிடக்கூடும். 9 மாதத்தில் போட்டாலும் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கே பாதுகாப்பு கிடைக்கிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் தரப்படும் இரண்டாம் தவணை, முதல் முறை பலன் கிட்டாத அந்தக் குழந்தைகளுக்காகவே ஏற்பட்டது; எந்தக் குழந்தைக்குப் பலன் கிட்டவில்லை என்று பார்த்துச் சொல்ல முடியாததால் எல்லாக் குழந்தைகளுக்கும் போட வேண்டியிருக்கிறது.

முகாமில் செவிலியர் தூள் மருந்தைக் கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதிவைப்பதையும், 4 மணி நேரம் கடந்தால் மீதியைப் போடாமல் ஒதுக்கிவிடுவதையும் பார்த்திருப்பீர்கள். கரைத்த மருந்து வெப்பத்தில் விரைவாக வீரியம் இழக்கும், கிருமி சேரவும் இடமுண்டு என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. ஆகவே முகாம் நாளில் நேரத்தோடு செல்லுங்கள். தவணை தவறியிருந்தாலும், 5 வயது வரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ஊசியை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். தடுப்பூசி அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.