வால் நின்றால் சென்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கத்துச் சந்துகளில் பகல் நேரத்தில் நடந்து போனால் லேத் ஓடுகிற சத்தம் காதில் விழும். மோட்டார் இரைச்சலை விடுங்கள். அதற்கு அடியில் சில சமயம் இன்னொரு சத்தம் வரும். டக்... டக்... டக்... சுற்றுக்கு ஒரு தட்டு. வெட்டும் டூல், ஜாப் என்று நாங்கள் சொல்லும் கடைகிற பொருளின் ஒரு பக்கத்தில் மட்டும் படுகிறது, மறுபக்கம் காற்றில் போகிறது என்று அர்த்தம். பட்டறைக்காரன் காதுக்கு அது பல்வலி மாதிரி. ஜாப் சென்டரில் இல்லை.

ஜாப்பைச் சென்டரில் நிறுத்த உதவுகிற ஒரு சின்னச் சாமானைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். கடைகடையாக அலைய வேண்டாம். ஒரு பழைய பேரிங் குண்டு, ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, ரெண்டு துண்டுத் தகடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் போதும்.

லேத் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளைப் பார்த்திருப்பீர்கள். மரத்தைச் சுழல விட்டு, உளியை வைத்துக் கடைசல் பிடித்துச் செய்தவை. லேத்தும் அதே வேலைதான், மரத்துக்குப் பதில் இரும்பு. இரும்பைப் பிடித்துக்கொண்டு சுழலும் பகுதிக்குச் சக் என்று பெயர். எங்கள் பட்டறைகளில் இரண்டு வகை உண்டு. இரும்பைக் கவ்வும் தாடைக்கு ஜா என்று பெயர். மூன்று ஜா உள்ளது ட்ரூ சக். சாவியை ஒரு இடத்தில் திருகினால் மூன்று ஜாவும் ஒன்றாக உள்ளே வரும். உருண்டை ராடு என்றால் தானே நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். நான்கு ஜா உள்ளது டாக் சக். இதில் ஒவ்வொரு ஜாவும் தனித்தனி. ஒன்றைத் திருகினால் மற்றது அசையாது.

அப்புறம் எதற்கு டாக் சக் என்று கேட்பீர்கள். வார்ப்படத்தில் வந்த பம்பு பிராக்கெட்டுக்கு உருண்டையும் கிடையாது, சதுரமும் கிடையாது. அதில் ஒரு ஓரமாகத் துளை போட வேண்டும். துளைக்கான இடத்தைக் கோடு கிழித்து மார்க்கிங் செய்து, கோடு இரண்டும் வெட்டும் இடத்தில் சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் அடித்து, சின்னக் குழி போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பஞ்ச் புள்ளிதான் லேத்தின் நடுவில் நிற்க வேண்டும். ஜாப்பின் உருவம் எப்படியோ போகட்டும். இந்த இரண்டில் டாக் சக்கில்தான் இதைக் கட்ட முடியும். நான்கு ஜாவையும் தனித்தனியாகத் தள்ளித் தள்ளி, புள்ளியைக் கொண்டு போய் நடுவில் நிறுத்த வேண்டும். புது ஆளுக்கு இதில் அரை நாள் ஓடிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் பட்டறையில் இருந்தது ஒரே ஒரு டயல் கேஜ், அதாவது ஜாப்பின் மிகச் சின்ன ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் அளவுக் கருவி. ஒரு நாள் அது என் கையிலிருந்து நழுவி, பெட் என்று சொல்லும் லேத்தின் அடித்தளத்தின் மேல் விழுந்தது. முள் அன்றோடு திரும்பவில்லை. முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார், அது நியாயம்தான். ஆனால் சக்கில் ஒரு பிராக்கெட் பாதி கட்டிய நிலையில் நிற்கிறது, சாயங்காலம் டெலிவரி. நான் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மேஸ்திரி வந்தார்.

"ஏந் தம்பி, கடியாரம் இல்லீன்னா உனக்குக் கண்ணு தெரியாதா?" என்றார்.

டயலை அவர் கடைசிவரை கடியாரம் என்றுதான் சொன்னார். அது தப்பும் இல்லை. 1883இல் டயல் கேஜுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த ஜான் லோகன், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரத்துக்காரர். கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பார்த்ததும் அது என்ன சாதி என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். முனையைக் கிரைண்டரில் கூராக்கினார். கூர் முனையைப் பஞ்ச் புள்ளியில் வைத்தார். முனைக்கு இரண்டு விரற்கடை தள்ளி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகப் பிடித்துக்கொண்டார். முழங்கையை, டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட் மேல் ஊன்றிக்கொண்டு, "சக்கைக் கையால சுத்து" என்றார். சுற்றினேன். பஞ்ச் புள்ளி ஆடுவது என் கண்ணுக்கே தெரியவில்லை. கம்பியின் மறுமுனையோ காற்றில் பெரிய வட்டம் போட்டது!

ஏற்றம் இறைத்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு தாங்கல், ஒரு பக்கம் குட்டைக் கை, மறுபக்கம் நெட்டைக் கை. குட்டைக் கை 25 மில்லிமீட்டர், நெட்டைக் கை 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முனையில் நடப்பது வாலில், அதாவது கம்பியின் மறுமுனையில், பத்து மடங்காகத் தெரியும். புள்ளி நடுவை விட்டு 0.1 மில்லிமீட்டர் விலகியிருந்தால் அது போடும் வட்டத்தின் குறுக்களவு 0.2. வால் போடும் வட்டம் 2 மில்லிமீட்டர். அதைக் குருட்டு வெளிச்சத்தில்கூடப் பார்க்கலாம். விலகல் 0.02 என்று சுருங்கினாலும் வால் 0.4 மில்லிமீட்டருக்கு ஆடும். உற்றுப் பார்த்தால் அதுவும் தெரியும். சாதாரணத் துளை வேலைக்கு இதற்கு மேல் கேட்கிறவர்கள் குறைவு.

மேஸ்திரியின் விரல் எனக்கு இல்லை. என் விரல் பிடித்தால் நடுங்கும். அதனால் அந்த இரண்டு விரலுக்குப் பதிலாக ஒரு பூட்டு செய்தேன். அதன் செய்முறையைச் சொல்கிறேன், பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாலு நூல் குண்டு ஒன்று, அதாவது அரை அங்குல பேரிங் குண்டு. அதன் நடுவில் 6 மில்லிமீட்டர் துளை வேண்டும். இங்கேதான் நான் அவதிப்பட்டேன். பேரிங் குண்டு நெருப்பில் பதம் போட்ட எஃகு. அப்படியே டிரில் வைத்தேன், மூன்று பிட்டு போயிற்று, குண்டில் ஒரு கீறல் இல்லை. அதை முதலில் மெத்தாக்க வேண்டும். நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க அங்கேயே கிடக்கட்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் காற்றுப் பட்டுத் திரும்ப இறுகிவிடும். காலையில் அரம் போட்டுப் பாருங்கள். அரம் கடித்தால் டிரிலும் கடிக்கும். குண்டு சக்கில் நிற்காமல் வழுக்கும். அதற்கு அளவாக ஒரு புஷ், அதாவது உள்ளே துளை உள்ள வளையம், கடைந்து, பக்கவாட்டில் ஒரு வெட்டு விட்டு, குண்டை அதற்குள் வைத்துக் கட்டுங்கள்.

துளையில் 6 மில்லிமீட்டர் சில்வர் ஸ்டீல் என்ற எஃகுக் கம்பித் துண்டு ஒன்றை அரால்டைட் பசை வைத்துப் பொருத்துங்கள். முன்னால் குண்டின் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கட்டும், பின்னால் ஒரு விரற்கடை போதும். முன் முனையை 60 டிகிரிக்குக் கூராக்குங்கள். சென்டர் பஞ்ச் குழி பெரும்பாலும் 90 டிகிரி. அதைவிடக் கூரான முனைதான் குழியின் அடியில் போய் உட்காரும். பின் முனையில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைச் செருகி ஒட்டுங்கள். வால் மொத்தம் 250 மில்லிமீட்டர் இருக்கட்டும். வாலும் 6 மில்லிமீட்டர் ராடாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். கனத்தில் தொங்கி, முனையைக் குழியிலிருந்து கிளப்பிவிடும். ஸ்போக்ஸ் கம்பிக்கு எடை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

குண்டைப் பிடிக்க 5 மில்லிமீட்டர் பட்டைத் தகடு இரண்டு. இரண்டிலும் 10 மில்லிமீட்டர் துளை. குண்டை நடுவில் வைத்து, அக்கம்பக்கம் இரண்டு போல்ட் போட்டு முறுக்குங்கள். நட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் வையுங்கள். குண்டு லொடலொடவென்று ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. ஒரு தகட்டை டூல் போஸ்ட்டில் கட்டும் அளவுக்குச் சதுரக் கம்பியில் வெல்டு வைத்துவிட்டால் சாமான் தயார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. குண்டில் துளை நடுவில் விழாமல் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டதா? பரவாயில்லை. குண்டு லேத்தின் நேர் நடுவில் இல்லாமல் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நிற்கிறதா? அதுவும் பரவாயில்லை. வால் எங்கே நிற்கிறது என்பது நமக்கு வேண்டாம். நிற்கிறதா, ஆடுகிறதா என்பது மட்டுமே வேண்டும். பஞ்ச் புள்ளி நடுவுக்கு வந்துவிட்டால் அது இடம் மாறாது, வாலும் மாறாது. ஆக, கோணலாகச் செய்த சாமான் நேரான வேலையைக் காட்டிக் கொடுக்கும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் கருவிகளில் இந்தப் பெருந்தன்மையைப் பார்க்க முடியாது.

இனி உபயோகிக்கும் முறை. ஜாப்பை முதலில் கண்மதிப்பாக நடுவுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். புள்ளியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முனையைக் குழியில் வைத்து, டூல் போஸ்ட்டைச் சுமந்து நகரும் கேரியேஜை நகர்த்தி லேசாக அழுத்துங்கள். சக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் டெயில் ஸ்டாக்கில் சென்டர் என்ற கூம்பு முனையை மாட்டி வாலுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தால், ஆட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடையாளம் கிடைக்கும். ஜாக்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சாக்பீஸில் எண் போடுங்கள். ஒன்றாம் ஜா மேலே வரும்போது வால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அரைச் சுற்று சுற்றி மூன்றாம் ஜா மேலே வரும்போது பாருங்கள். எந்த ஜா மேலே இருக்கையில் வால் அதிகம் தாழ்கிறதோ, அந்தப் பக்கம் புள்ளி ஏறியிருக்கிறது. முனை ஏறினால் வால் இறங்கும், ஏற்றம் மாதிரிதான். எதிர் ஜாவைக் கொஞ்சம் தளர்த்தி, அந்த ஜாவை இறுக்குங்கள். அந்த வித்தியாசத்தில் பாதி அளவுக்கு வால் நகர்ந்தால் போதும், முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். பிறகு இரண்டு, நான்கு. இந்த ஜோடி முடியாமல் அந்த ஜோடிக்குத் தாவினால் ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது.

ஒரு தடவை நான் முக்கால் மணி நேரம் திருகியும் வால் நிற்கவே இல்லை. கடைசியில் பார்த்தால் ஜாப் சரியாகத்தான் இருக்கிறது. குழியில் எண்ணெய் இல்லாமல் முனை கவ்விக்கொண்டு, கம்பியும் கூடவே சுழன்றிருக்கிறது. கம்பியில் இருந்த வளைவு அதுபாட்டுக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறது. அன்றிலிருந்து ஸ்போக்ஸ் கம்பியின் மடங்கிய தலையை நான் வெட்டுவதில்லை. தலை தரையைப் பார்த்தபடியே இருந்தால் கம்பி சுழலவில்லை. அது திரும்பினால் முதலில் எண்ணெய் விடு, அப்புறம் ஜாவைத் தொடு.

இன்னொன்று. இந்தச் சாமான் பஞ்ச் அடித்த இடத்தைத்தான் நடுவுக்குக் கொண்டு வரும். மார்க்கிங் கோட்டை விட்டுப் பஞ்ச் வழுக்கியிருந்தால் அதே தப்பை வெகு துல்லியமாக நடுவில் நிறுத்தித் தரும். அதற்கு வால் என்ன செய்யும்?

மெல்லிய வட்டத் தகடுகளுக்கு இது ஆகாது. அதற்கு ஒரு கம்பியின் முனையில் சின்ன பேரிங் மாட்டி, மெதுவாகச் சுழலும் தகட்டின் முகத்தில் அழுத்தி நேராக்குவார்கள். அது இன்னொரு நாள் பேச்சு.

வால் நின்றதும் நான்கு ஜாவையும் ஒரு சுற்று சமமாக இறுக்கி, திரும்ப ஒரு முறை பாருங்கள். இறுக்கும்போது ஜாப் கொஞ்சம் நகர்ந்திருக்கும், எப்போதும் நகரும். இத்தனை வேலையும் கையால் சுற்றித்தான். மோட்டார் ஓடும்போது இந்தக் கம்பி குழியிலிருந்து துள்ளினால் நேரே முகத்துக்கு வரும். கேரியேஜைப் பின்னால் இழுத்து, கம்பியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, சக்கில் சாவி இல்லை என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.