அழிக்கும் புரதத்துக்கும் ஆயுள் குறைவு

வணக்கம். சிறுபோக அறுவடைக் காலம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பலர் வயல்வேலைக்கு நடுவே வானொலியில் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் பேச வந்தது புரதம் பற்றி. புரதம் சாப்பிடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதை விடுங்கள். நம் கலங்களுக்குள் இருக்கும் புரதம் எப்படி அழிகிறது என்பதுதான் என் பேச்சு. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த காலம் முழுக்க எனக்கு இதில் ஓர் ஆதங்கம். புரதம் உண்டாவதற்குப் பல பாடவேளைகள் ஒதுக்குவோம். அழிவதற்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்தான் எவ்வளவு இருக்கிறது!

வயிற்றில் இறைச்சி செமிக்கும்போது நொதியங்கள் கண்டதையெல்லாம் வெட்டும். கலத்துக்குள் அப்படி இல்லை. கலம் ஆள் பார்த்து, சக்தி செலவழித்து அழிக்கிறது. உடைப்பதற்கு எதற்குச் சக்தி? இது பல ஆண்டுகள் ஆய்வாளர்களைக் குழப்பிய கேள்வி.

அதை அவிழ்த்த கதை எனக்கு மிகப் பிடித்தது. 1970களின் பிற்பகுதி. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரோன் சீக்கனோவரும் முயலின் இளம் செங்குருதிக் கலங்களை உடைத்துச் சாறு எடுத்தார்கள். அந்தச் சாறு புரதத்தை அழிக்கும். இரண்டு பங்காகப் பிரித்தால் இரண்டுமே சும்மா கிடக்கும். திரும்பக் கலந்தால் வேலை நடக்கும். அப்படியென்றால் முதல் பங்கில் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு ஒரே சிவப்பு, ஈமோகுளோபின் நிறைந்து கிடக்கிறது. அதற்குள் எதைத் தேடுவது? சூடேற்றிப் பார்த்தார்கள். புரதத்தைத் தேடுகிறவர் அதைக் கொதிக்க வைப்பாரா, சொல்லுங்கள்! முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஈமோகுளோபினும் அப்படியே திரண்டு போனது. மிஞ்சிய தெளிந்த நீரை எடுத்து மற்றப் பங்கோடு கலந்தார்கள். வேலை நடந்தது! தேடிய பொருள் அந்தக் கொதியையும் தாங்கி நின்றிருக்கிறது. வெறும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். யுபிக்குயிட்டின் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் ஏர்வின் ரோஸோடு சேர்த்து இவர்களுக்கு 2004இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

யுபிக்குயிட்டின் ஓர் அடையாளம். அது சங்கிலியாக ஒட்டப்பட்ட புரதத்தைப் புரோட்டியாசோம் என்ற அமைப்பு உள்ளிழுத்துத் துண்டாக்கும். ஒட்டவும் சக்தி, துண்டாக்கவும் சக்தி. யாரில் ஒட்டுவது என்று ஆள் பார்ப்பது லிகேஸ் என்ற நொதியம். மனிதரில் 600 வகைக்கு மேல் உண்டு.

சரி, ஆள் பார்க்கும் லிகேஸே அளவுக்கு மிஞ்சிப்போனால்? பல லிகேஸ்கள் அந்த அடையாளத்தைத் தங்கள்மேலேயே ஒட்டிக்கொள்கின்றன. ஆமாம், தங்கள்மேலேயே. மதுவத்தில் இது 1990களின் இறுதியில் தெரியவந்தது. அங்கே பல புரதங்கள் சேர்ந்த ஒரு வகை லிகேஸில் ஆள் பார்க்கும் உறுப்புப் புரதம், தான் சேர்ந்திருக்கும் லிகேஸாலேயே அடையாளமிடப்பட்டு விரைவில் அழிகிறது. அது போனால் அந்த இடத்துக்கு வேறோர் உறுப்பு வந்து, வேறு புரதத்தைத் தேடத் தொடங்கலாம்.

வெயிலில் நிற்பவர்களுக்கு நேரே பொருந்தும் ஒன்று சொல்கிறேன். வெயில் தோல் கலத்தின் டிஎன்ஏயைப் பழுதாக்கும். அப்போது கலம் பிரிவதை நிறுத்திவைப்பது பி53 என்ற புரதம். திருத்தவே முடியாத கலத்தைச் சாகவும் வைக்கும். சாதாரண நாளில் பி53 அளவுக்கு மிஞ்சாதபடி எம்டிஎம்2 என்ற லிகேஸ் அதை அடையாளமிட்டு அழித்துக்கொண்டே இருக்கும். டிஎன்ஏ பழுதானால் எம்டிஎம்2இன் ஆயுள் சட்டென்று குறைகிறது, பி53 உயர்கிறது. எம்டிஎம்2 தன்னைத் தானே அடையாளமிடுவதைச் சோதனைக் குழாயில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் திறனை எடுத்துவிட்ட எலிகளிலும் அது அதே வேகத்தில் அழிந்ததாக 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆக, வேறு லிகேஸ்களும் அதை அழிக்கும். இவ்வளவு முக்கியமான ஒன்றை உடல் ஒரே வழியில் விட்டுவைக்கவில்லை. எனக்கு இதைவிட வியப்பான செய்தி உயிரியலில் குறைவு.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்குப் பின்னால் கை காட்டுகிறார்கள். மருந்துகள் பற்றிப் பேச நினைத்தேன், முடியாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ், நம்முடைய ஒரு லிகேஸைத் தன் பக்கம் இழுத்து, பி53ஐ அழிக்க வைக்கிறது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 பிள்ளைகளில் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். சம்மதம் கேட்டுக் கடிதம் வந்தால் மறக்காமல் ஒப்பமிட்டு அனுப்புங்கள். வணக்கம்.