குழம்பில் கறி பாதி, காய் பாதி

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியூரில் இருந்து காரைக்குடிக்கு வருகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் விசாரிப்பது, "நல்ல செட்டிநாட்டுச் சாப்பாடு எந்த ஓட்டலில் கிடைக்கும்?" என்றுதான். அவர்கள் மனதில் இருப்பது எண்ணெய் மிதக்கும், காது வரை எரியும் ஒரு செக்கச்சிவந்த குழம்பு. எங்கள் பக்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கொதிக்கிற குழம்பில் அவ்வளவு எண்ணெயும் கிடையாது, அவ்வளவு காரமும் கிடையாது. கரண்டி விட்டுத் துழாவினால் கறிக்கு முன்னால் முருங்கைக்காய்தான் அகப்படும்.

செட்டிநாடு என்றதும் பர்மா தேக்குத் தூண்களும் கல்யாணப் பந்தியும் நினைவுக்கு வருவது சரிதான். ஆனால் பந்திச் சமையல் வேறு, அன்றாடச் சமையல் வேறு. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டு விற்க, அதாவது தொழில் செய்யப் போயிருந்த காலத்தில் வீட்டுக் கணக்கு ஆச்சிகள் கையில் இருந்தது. காசு இருந்த வீட்டிலும் கறியை எண்ணித்தான் போடுவார்கள். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு பல குடும்பங்களுக்கு வரவே நின்றுபோனது. அப்புறம் கேட்க வேண்டுமா? எட்டுப் பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு அரைக் கிலோ ஆட்டுக்கறி போதும் என்றால், மீதியைக் காய்தான் நிரப்ப வேண்டும். எங்கள் அப்பத்தா பேரப்பிள்ளைகளுக்குக் குழம்பு ஊற்றும்போது, "கறிச்சாறு குடிச்ச காய்டா, கறியை விட ருசியா இருக்கும்" என்பார். சமாளிப்புத்தான். ஆனாலும் பொய் இல்லை.

காரணம் எலும்பில் இருக்கிறது. தனிக்கறியாக வாங்காமல் நெஞ்செலும்பும் நல்லியும் கலந்து வாங்க வேண்டும். நிதானமாக வேகும்போது மூட்டிலும் சவ்விலும் உள்ள பசை கரைந்து சாற்றில் இறங்குகிறது. வாயில் உதடு லேசாக ஒட்டுகிற மாதிரி வருமே, அதுதான். அந்தச் சாற்றில் வேகிற காய் வெறும் காயாக இருக்காது.

செய்முறை பெரிய வித்தை இல்லை. கடலை எண்ணெயில் பட்டை, சோம்பு, கொஞ்சம் கல்பாசி. இந்தக் கல்பாசியைக் கையில் எடுத்து முகர்ந்தால் காய்ந்த மரப்பட்டை மாதிரி சும்மா கிடக்கும். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும்தான் வாசனையை அவிழ்த்து விடும். ஒரு சிட்டிகை போதும். கூடினால் கசக்கும், அவ்வளவு காசும் வீண். பிறகு உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கை, பூண்டு, ஒரு தக்காளி. கறியைப் போட்டு மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, கறி விடுகிற நீர் வற்றுகிற வரை வதக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. கறியின் பச்சை வாடை போவது இந்த இடத்தில்தான். அப்புறம் மிளகாய்த்தூள், மல்லித்தூள், தண்ணீர். குக்கரில் ஐந்தாறு விசில்.

கறி வெந்த பிறகே காய். சேர்த்துப் போட்டு விசில் விடுகிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது காய்க்கூழ். குக்கரைத் திறந்து முதலில் உருளைக்கிழங்கோ வாழைக்காயோ. அது அரைவேக்காடு ஆனதும் முருங்கைக்காய். கத்தரிக்காய் போடுவதாக இருந்தால் கடைசியாக. தேங்காய், சோம்பு, மிளகு, கசகசா அரைத்த விழுதை ஊற்றி இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். மிளகு கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டங்களில் இருந்து கப்பலேறி வந்தவை. அதற்கு முன்னால் இந்த மண்ணில் காரம் என்றால் மிளகுதான்.

வெறும் கறியாகச் செய்கிற உப்புக்கறி பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள், அதை விடுகிறேன். உப்புக்கண்டத்தைச் சொல்ல வேண்டும். எலும்பில்லாத கறித்துண்டுகளில் உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, நூலில் கோத்து, மொட்டைமாடிக் கொடியில் சுக்காகக் காயவிடுவது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காக்கை விரட்டுகிற வேலை இதனால்தான் வந்தது. காய்ந்ததை ஜாடியில் போட்டு வைத்தால், கறி வாங்க முடியாத நாளில் நாலு துண்டு எடுத்து வெந்நீரில் ஊறவைத்துத் தட்டி, கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுப் புளிக்குழம்பு வைக்கலாம். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கறியிலேயே உப்பு இருப்பதால் குழம்பைச் சுவைத்துப் பார்க்காமல் உப்புப் போடக் கூடாது. மொச்சையை முன்பே வேகவைத்துக் கொள்ள வேண்டும், ஏனென்றால் புளி இறங்கிய பிறகு அது லேசில் வேகாது. உருளைக்கிழங்குக்கும் இதே கதைதான்.

கைக்குழந்தை, வயதானவர்கள் இருக்கிற வீட்டில் எலும்பும் சுரைக்காயும் போட்டு, மிளகு சீரகம் தட்டித் தண்ணிக்குழம்பு வைப்பார்கள். சாதத்தில் குழைய ஊற்றிப் பிசையலாம். கொத்துக்கறி வாங்கினால் பீர்க்கங்காயைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். தண்ணீரே ஊற்ற வேண்டாம், காய் விடுகிற நீர் போதும்.

குழம்பு மிஞ்சினால் மறுநாள் காலையில் சுடவைத்து இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளலாம். அதில் கறி இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ராத்திரியே யாராவது பொறுக்கியிருப்பார்கள்.

வணக்கம்.