மொட்டை மாடியை இடிக்கச் சொன்னவருக்கு ஒரு கணக்கு

வணக்கம் நேயர்களே. இங்கே மொரீஷியஸில், மஹேபூரில் உள்ள எங்கள் பெரியப்பா வீட்டில், மொட்டை மாடித் தளத்தின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லிளிப்பதைச் சென்ற காணொளியில் காட்டியிருந்தேன் அல்லவா? அதைப் பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "முழுவதையும் இடித்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுத்தியலால் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை! ஒரு பல் சொத்தை என்பதற்காகத் தாடையையே கழற்றச் சொன்னால் எப்படி?

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏணியைப் போட்டு நானே ஏறிவிட்டேன். நல்ல கான்கிரீட்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். கம்பியை விட்டுப் பிரிந்த இடம் 'டொப்'பென்று பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளலாக ஒலித்த இடங்களையெல்லாம் சாக்கட்டியால் வட்டமிட்டு அளந்து பார்த்தால், 80 சதுர மீட்டர் தளத்தில் 4 சதுர மீட்டர்கூடத் தேறவில்லை. அதுவும் கடலைப் பார்த்த விளிம்பில்தான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பன்னிரண்டரை சென்டிமீட்டர் தடிமன் உள்ள அந்தத் தளத்தை இடித்தால் 10 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 24 டன் இடிபாடு. தீவுக்கு உள்ள ஒரே குப்பைக் கிடங்கான மார் ஷிகோஸ் ஏற்கெனவே மலைபோல் உயர்ந்து நிற்கும்போது, இதை எங்கே கொட்டுவது? கரும்புத் தோட்டத்து ஓரத்திலா? புதுத் தளத்துக்கு, கன மீட்டருக்கு 350 கிலோ என்று வைத்தாலும், மூன்றரை டன் சிமெண்ட் வேண்டும்; அது நமக்குக் கப்பலில்தான் வருகிறது. சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுடும்போது, எரிபொருள் புகையைவிட அந்தக் கல்லே அதிகக் கரியமில வாயுவைக் கக்குகிறது; ஆகவே உலைக்குச் சூரிய மின்சாரமே கொடுத்தாலும் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். ஒரு டன் சிமெண்டுக்கு முக்கால் டன் வாயு என்று கொண்டால், இந்த ஒரு வீட்டுக்கே இரண்டரை டன்னுக்கு மேல். கம்பியும் கருங்கல் ஜல்லியும் சென்ட்ரிங் பலகையும் தனி.

பழுதுபார்ப்பதற்கோ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 0.2 கன மீட்டர் சாந்து போதும். ஐம்பதில் ஒரு பங்கு! பழுதுபார்ப்பதற்கென்றே விற்கும், பாலிமர் என்ற பிசின் கலந்த அந்தச் சாந்து 25 கிலோ மூட்டை 1,150 ரூபாய் என்றார்கள். 1,150! சாதாரண சிமெண்ட் விலையோடு ஒப்பிட்டு, கடைக்காரரிடம் நான் அரை மணி நேரம் வாதாடினேன். அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, மூட்டையைத் தூக்கி வண்டியில் வைக்கவும் வரவில்லை. 16 மூட்டைக்கு 18,400 ரூபாய். வயிறு எரிந்தாலும், இடிப்பதற்கு ஆகும் லாரிக் கூலியை நினைத்ததும் வாங்கிவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சாந்து வாங்குவதற்கு முன்பே, புதிதாக உடைத்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தேன். அழகான இளஞ்சிவப்பு! கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும் கான்கிரீட்டின் காரத்தன்மை கெடவில்லை என்று அதற்குப் பொருள். அப்படியென்றால் கம்பியைத் தின்றது உப்புதான். கடற்காற்று ஒரு பக்கம். 2001இல் தடை வரும்வரை கடற்கழியில் அள்ளிய பவள மணலைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தியது இன்னொரு பக்கம். பெரியப்பா வீடோ 1960இல் கரோல் புயல் அடித்த பிறகு எழுந்தது.

உப்பு என்று தெரிந்தபின் வெறும் பூச்சுப் பூசுவதை நான் அடியோடு வெறுக்கிறேன். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, துருவைப் பளிச்சென்று தேய்த்தெடுத்து, அதன் பிறகே சாந்து வைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும், சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் உப்பு இருப்பதால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிய துரு கிளம்பக்கூடும். அதைத் தடுக்கத்தான் ஒட்டின் விளிம்பில் துத்தநாகத் துண்டுகளைக் கம்பியோடு கட்டுகிறார்கள். கம்பிக்குப் பதிலாகத் துத்தநாகம் அரிக்கப்படும். கம்பியே நூலாக இளைத்திருந்தால் மட்டும் பொறியாளரைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். எங்கள் கம்பி அந்த அளவுக்குப் போகவில்லை.

அந்தத் துத்தநாகத் துண்டு மஹேபூர்க் கடைகளில் கிடைக்கவே இல்லை. ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கத்து நேயர்கள் யாராவது எங்கேனும் பார்த்திருந்தால், விலையோடு கீழே எழுதுங்கள். அது கைக்கு வரும்வரை சாந்து மூட்டையைப் பிரிக்கமாட்டேன்.