தாடி வைத்த சகோதரர்கள்: சிஸ்டர்சியன் மடங்களின் இன்னொரு வரலாறு

அனைவருக்கும் வணக்கம்.

சிஸ்டர்சியன் சபை என்ற கத்தோலிக்கத் துறவிகளின் சபையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எல்லோரும் அதன் மிகப் புகழ்பெற்ற துறவியான புனித பெர்னார்டிடம் போய் நின்றுவிடுவது வழக்கம். நானும் அவரிடம் வருவேன், வராமல் முடியாது. ஆனால் இன்று நான் பேச நினைப்பது வேறு ஆட்களைப் பற்றி. அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். மடத்தில் குடியிருந்தும் மடத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் குரல் இல்லாதவர்கள். உழுதார்கள், ஆடு மேய்த்தார்கள், இரும்பு அடித்தார்கள். பெரும்பாலோரின் பெயர்கூட நம் கைக்கு வந்து சேரவில்லை. இந்தச் சபை அவ்வளவு வேகமாக எப்படி வளர்ந்தது, அப்புறம் ஏன் தளர்ந்தது என்ற இரண்டு கேள்விக்கும் விடை அவர்களிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1098-ஆம் ஆண்டு மார்ச் 21. அன்று குருத்து ஞாயிறு, புனித ஆசீர்வாதப்பரின் திருநாளும்கூட. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், டிஜோன் நகருக்குத் தெற்கே, சீத்தோ என்ற சதுப்பும் காடுமான இடத்தில் (சிஸ்டர்சியன் என்ற பெயர் இந்த ஊரிலிருந்து வந்ததுதான்), மொலேம் மடத் தலைவர் ராபர்ட் இருபது பேர் அளவில் துறவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறினார். அவர்களுடைய மனக்குறை இதுதான்: ஆசீர்வாதப்பர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஒழுங்கு, துறவி தன் கை உழைப்பில் வாழ வேண்டும் என்கிறது. ஆனால் அன்றைய பெரிய மடங்களில் உழைத்தது குடியானவன், சாப்பிட்டது துறவி. 910-ல் தொடங்கிய க்ளூனி மடத்தில் வழிபாடு நாளின் பெரும்பகுதியை விழுங்கிவிடும், கையில் மண்வெட்டி பிடிக்க நேரம் ஏது? நிலக் குத்தகை, தசமபாகம் என்ற விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, மாவு ஆலையில் வாங்கும் கட்டணம், இவற்றில்தான் மடங்கள் ஓடின.

சீத்தோக்காரர்கள் இதையெல்லாம் வேண்டாம் என்றார்கள். குத்தகை வேண்டாம், தசமபாகம் வேண்டாம், அடிமைக் குடிகள் வேண்டாம், பங்குக் கோவில் வருமானம் வேண்டாம். சாயம் போடாத கம்பளி உடுத்தினார்கள். அதனால்தான் மற்றவர்கள் கறுப்புத் துறவிகள், இவர்கள் வெள்ளைத் துறவிகள் ஆனார்கள்.

ராபர்ட்டை அடுத்த ஆண்டே பழைய மடத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பின் ஆல்பெரிக், அப்புறம் ஸ்டீபன் ஹார்டிங் என்ற ஆங்கிலேயர். இந்த ஹார்டிங்கை நான் பெர்னார்டைவிட ஒரு படி மேலே வைப்பேன். பேச்சுத் திறமை பெர்னார்டுக்கு, நிர்வாக மூளை இவருக்கு. 1119-ல் திருத்தந்தை (போப்) இரண்டாம் கலிஸ்துஸ் ஒப்புதல் கொடுத்த ‘அன்பின் சாசனம்’ இந்தச் சபையின் அரசியல் சட்டம். அதன்படி தாய் மடம் சேய் மடத்திடம் காசு வாங்கக் கூடாது. தாய் மடத் தலைவர் ஆண்டுக்கு ஒரு முறை நேரில் போய்ப் பார்வையிட வேண்டும். எல்லா மடத் தலைவர்களும் ஒவ்வொரு செப்டம்பரிலும் சீத்தோவில் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். க்ளூனியில் ஒரே தலைவரின் கீழ் எல்லாம் அடங்கிக் கிடந்தன, இங்கே பேரவை. 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாடு தாண்டி, மொழி தாண்டி ஆண்டுதோறும் கூடிய இப்படியொரு அமைப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

1113-ல் பெர்னார்ட் வருகிறார். தனியாக வரவில்லை. அண்ணன் தம்பி, மாமன், நண்பர்கள் என்று சுமார் முப்பது பேரை இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டே ஆண்டில், 1115-ல், கிளேர்வோ மடத்துக்குத் தலைவர். அவர் இறந்த 1153-ல் சபையில் 340-க்கு மேற்பட்ட மடங்கள். புது மடம் தொடங்குவதை நிறுத்துங்கள் என்று பேரவை 1152-லேயே சொல்லிப் பார்த்தது. கேட்பார் இல்லை. போர்ச்சுகலில் அல்கோபாசா, அயர்லாந்தில் மெலிஃபான்ட், ஜெர்மனியில் மௌல்பிரோன், இங்கிலாந்தில் ரீவோ, ஃபவுன்டன்ஸ் என்று பரவிக்கொண்டே போனது.

சரி, இத்தனை மடங்களை நடத்தியது யார்? வெள்ளைத் துறவி இரவு இரண்டு மணி வாக்கில் எழுந்து சங்கீதம், அதாவது வேதாகமத்தின் துதிப் பாடல்கள், பாட வேண்டும், பகலில் பல வேளை கோவிலுக்குப் போக வேண்டும், வாசிக்க வேண்டும். இடையில் கொஞ்ச நேரம் வேலை. இதை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஏக்கரை உழ முடியுமா? முடியாது என்பது தொடக்கத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் பொதுநிலைச் சகோதரர்களைச் சேர்த்தார்கள். இவர்களும் வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்தவர்கள், மணம் முடிக்காதவர்கள். ஆனால் துறவிகள் அல்ல. துறவி முகத்தை மழிப்பார், இவர் தாடி வைத்திருப்பார்.

இவர்களுக்கென்று எழுதிய விதிகளைப் படித்தால் கொஞ்சம் மனம் கசக்கும். புத்தகம் வைத்திருக்கக் கூடாது. பரலோக மந்திரம், விசுவாசப் பிரமாணம், இன்னும் ஓரிரு செபங்கள், அவ்வளவுதான், அதுவும் மனப்பாடமாக. அதற்கு மேல் எதுவும் கற்கக் கூடாது. கோவிலின் கிழக்குப் பாதி துறவிகளுக்கு, மேற்குப் பாதி இவர்களுக்கு, நடுவில் தடுப்பு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள பைலண்டு மடத்தின் இடிபாடுகளுக்குப் போனால், சகோதரர்கள் நடப்பதற்கென்றே கட்டிய தனிச் சந்து ஒன்றை இன்றும் பார்க்கலாம். துறவிகளின் முற்றத்தில் கால் வைக்காமலே கோவிலுக்குப் போய்வர அது. அதே பகுதியில் ஃபவுன்டன்ஸ் மடத்தின் மேற்குக் கட்டடம் கிட்டத்தட்ட 90 மீட்டர் நீளம். கீழே கிடங்கும் சகோதரர்களின் உணவுக்கூடமும், மேலே அவர்கள் படுக்குமிடம். உள்ளே நின்று அந்த வளைவுகளின் வரிசையைப் பார்த்தால்தான் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது உறைக்கும். பக்கத்து ரீவோ மடத்தில் ஏல்ரெட் தலைவராக இருந்தபோது 140 துறவிகளும், சகோதரர்களும் பணியாட்களுமாக 500 பேரும் இருந்ததாக அவருடைய சீடர் எழுதிவைத்திருக்கிறார்.

இவர்களில் பலர் மடத்தில்கூட இருப்பதில்லை. மடத்திலிருந்து ஒரு நாள் நடைத் தூரத்துக்குள் பண்ணைகள். வாரம் முழுக்க அங்கே வேலை. ஞாயிறும் திருநாளும் வந்தால் மடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். கூலி கிடையாது. வேலையாளுக்கு மனைவி மக்கள் கிடையாது. தாங்களே பயிரிடும் நிலத்துக்குத் தசமபாகம் கட்ட வேண்டாம் என்று 1132-ல் திருத்தந்தை இரண்டாம் இன்னொசென்ட் சலுகை வேறு கொடுத்துவிட்டார். செலவுப் பக்கம் வாருங்கள்: துறவிக்கு இறைச்சி இல்லை, கோவிலில் பொன் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை, கல் கோபுரம் இல்லை. வருகிற பணம் எங்கே போகும்? பக்கத்து நிலத்தை வாங்கத்தான் போகும். வறுமையைக் காக்க எழுதிய விதிகளே அவர்களைப் பணக்காரர்கள் ஆக்கின. ஏதோ பேராசைக்காரத் தலைவர்கள் வந்து சபையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த மடம்தான் முதலில் செல்வம் சேர்த்தது.

பர்கண்டியில் ஃபோன்தனே மடம் இதற்கு நல்ல சாட்சி. 1118-ல் பெர்னார்ட் தொடங்கியது. கோவிலுக்குள் போனால் சிற்ப அலங்காரம் இல்லை, ஓவியம் இல்லை. வெறும் கல்லும் வெளிச்சமும். அதைப் பார்த்துவிட்டு மடத்தின் மறு கோடிக்கு நடந்தால் ஒரு பட்டறை: 53 மீட்டர் நீளம், கோவிலுக்குச் சற்றும் குறையாத கட்டுமானம். அருகில் உள்ள குன்றில் இரும்புத் தாது வெட்டினார்கள், ஓடையைத் திருப்பிவிட்டுச் சக்கரம் சுழற்றினார்கள், அந்தச் சக்கரம் சம்மட்டியைத் தூக்கிப் போட்டது. செபம் செய்கிற இடத்துக்குக் கொடுத்த அதே கல்வேலையைக் கொல்லுலைக்கும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சபையில் மிகவும் பிடித்த கட்டடம் அதுதான்.

இங்கிலாந்தில் இதே கதை கம்பளியில் நடந்தது. யார்க்‌ஷயர் மேய்ச்சல் நிலங்களின் கம்பளியை இத்தாலிய வணிகர்கள் முன்பணம் கொடுத்து வாங்கினார்கள், ஆடு மேயும்போதே, அடுத்தடுத்த ஆண்டுகளின் மயிருக்கும் சேர்த்து. ஆடுகளுக்கு நோய் வந்தது. கொடுக்கக் கம்பளி இல்லை, வாங்கிய பணம் செலவாகிவிட்டது. 1291-ல் ஃபவுன்டன்ஸ் மடத்தின் கடன் 6,000 பவுண்டுக்கும் மேல். அந்தக் காலத்தில் அது ஒரு பிரபுவையே விழுங்கும் தொகை.

இன்னொரு பக்கமும் உண்டு. தனிமை தேடி வந்தவர்களுக்கு எப்போதும் தனிமையான இடம் கிடைக்கவில்லை. சில இடங்களில் ஊரையே காலி செய்து, குடியிருந்தவர்களை வேறிடம் அனுப்பிவிட்டு, அந்த நிலத்தைப் பண்ணையாக்கினார்கள். ‘தனிமை வேண்டும் என்பதற்காகத் தனிமையை உண்டாக்குகிறார்கள்’ என்ற பொருளில் வால்டர் மேப் என்ற அரண்மனைக் குரு அப்போதே கிண்டல் செய்தார். அவருக்கு இவர்கள் மேல் தீராத எரிச்சல், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனாலும் முழுப் பொய் இல்லை.

சகோதரர்கள் இதையெல்லாம் பொறுமையாகச் சகித்துக்கொண்டு இருந்தார்களா? ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் அருகே ஷோனாவ் மடத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் 12-ஆம் நூற்றாண்டுச் சம்பவம் ஒன்று உண்டு. துறவிகளுக்கு ஆண்டுதோறும் புதுக் காலணி கிடைத்தது. சகோதரர்களுக்கு இல்லை. சேற்றிலும் பனியிலும் நடப்பவன் இவன், கோவிலில் நிற்பவனுக்குப் புதுச் செருப்பா என்ற கோபம். கிறிஸ்துமஸ் இரவில் துறவிகளின் படுக்கைக் கூடத்துக்குள் புகுந்து அத்தனை காலணிகளையும் துண்டு துண்டாக வெட்டிப் போடுவது என்று திட்டம் போட்டார்கள். கத்தி துறவிகளின் மேல் பாயவில்லை, காலணியின் மேல்தான். அதற்குள் தலைவனாக நின்றவன் திடீரென்று இறந்துபோக, மற்றவர்கள் பயந்து மன்னிப்புக் கேட்டதாகக் கதை முடிகிறது. எழுதிவைத்தவர் துறவி என்பதால் கடவுள் துறவிகள் பக்கம் நின்றுவிட்டார். அந்தச் சகோதரர்களில் ஒருவர் எழுதியிருந்தால் எப்படி முடிந்திருக்கும்? ஆனால் அவர்களுக்குத்தான் எழுதக் கற்றுத்தரக் கூடாதே.

1188-ல் பேரவை ஒரு முடிவெடுத்தது: உயர்குடியில் பிறந்தவர் சகோதரராகச் சேர வேண்டாம், துறவியாகவே சேரட்டும். தாழ்மையை விரும்பிப் பிரபு வீட்டுப் பிள்ளை சகோதரர்களோடு சேர்ந்த காலமும் இருந்தது. அந்தக் கதவும் இதோடு அடைபட்டது.

பெர்னார்டைப் பற்றி ஒரு வார்த்தை, விட்டுவிட்டேன் என்று சொல்லாதீர்கள். 1146-ல் பிரான்சின் வேசலேயில் அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டுத்தான் பெருங்கூட்டம் இரண்டாம் சிலுவைப் போருக்குக் கிளம்பியது. போர் படுதோல்வி. அதே சமயம் ரைன் நதிக்கரையில் ராடுல்ஃப் என்ற சிஸ்டர்சியன் துறவி யூதர்களைக் கொல்லத் தூண்டியபோது, நேரில் போய் அவர் வாயை அடக்கியவரும் பெர்னார்டே. 1209-ல் தெற்குப் பிரான்சின் பெசியே நகரில் நடந்த படுகொலையின்போது சிலுவைப் படையோடு திருத்தந்தையின் தூதராக இருந்த அர்னோ அமால்ரிக், சீத்தோவின் மடத் தலைவர். மண்வெட்டியோடு தொடங்கிய இடம், 111 ஆண்டில் அங்கே வந்து நிற்கிறது.

தளர்ச்சிக்கு வருவோம். 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன், டொமினிக்கன் சபைகள் வந்தன. பக்தியுள்ள ஏழை வீட்டுப் பையனுக்குப் போக வேறு இடம் கிடைத்தது. 1348-ல் கொள்ளைநோய். மிஞ்சிய உழைப்பாளிக்குக் கூலி ஏறியது, குத்தகைக்கு நிலமும் கிடைத்தது. சம்பளமில்லாத உழைப்புக்கு வார்த்தைப்பாடு கொடுக்க யார் வருவார்? சகோதரர்கள் குறையக் குறைய, பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டார்கள். எதை வெறுத்து மொலேமைவிட்டுக் கிளம்பினார்களோ, அந்தக் குத்தகைப் பணத்திலேயே வாழத் தொடங்கினார்கள். பிறகு அரசர்கள் தங்களுக்கு வேண்டியவர்களை மடத் தலைவர்களாக நியமித்தார்கள். அவர்களில் பலர் மடத்துப் பக்கமே வராமல் வருமானத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

மீதி வேகமாக முடிந்தது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1539-ல் ஃபவுன்டன்ஸ் அரசரிடம் ஒப்படைக்கப்பட்டது. கூரையின் ஈயத்தை உரித்து உருக்கி விற்றார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் சீத்தோ விற்பனைக்கு வந்தது. ஃபோன்தனே காகித ஆலை ஆனது. கிளேர்வோவை நெப்போலியன் காலத்தில் சிறையாக்கினார்கள். அது 2023-ல்தான் மூடப்பட்டது.

சபை அழியவில்லை. 1664-ல் பிரான்சின் லா ட்ராப் மடத்தில் அதன் தலைவர் ரான்ஸே கொண்டுவந்த கடும் சீர்திருத்தத்திலிருந்து வந்தவர்கள்தான் ட்ராப்பிஸ்ட்கள். 1898-ல் சீத்தோவுக்குத் திரும்பியதும் அவர்களே. பெல்ஜியத்தில் இவர்கள் காய்ச்சும் பீருக்கு உலகப் புகழ். ‘ஷிமே’ என்ற பீர் வருகிற ஸ்கூர்மோன் மடத்திலிருந்து வந்தவர்தான் பிரான்சிஸ் மாஹியு. அவர் 1958-ல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸுடன் சேர்ந்து கேரளத்தில் வாகமண் மலையில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கே பீர் இல்லை, பசு மாடும் பாலும். பத்து ஆண்டு கழித்து கிரிஃபித்ஸ் மலையிறங்கி, நம் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். குரிசுமலை 1998-ல் முறைப்படி ட்ராப்பிஸ்ட் சபையில் சேர்ந்தது.

நான் தொடங்கிய ஆட்களின் கதையில் ஒன்று பாக்கி. கத்தோலிக்க ஆயர்கள் கூடித் திருச்சபையைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டி 1965-ல் ட்ராப்பிஸ்ட்கள் பொதுநிலைச் சகோதரர் என்ற தனிப் பிரிவையே எடுத்துவிட்டு, எல்லோரையும் ஒரே வகுப்புத் துறவிகள் ஆக்கினார்கள். மடத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு அப்போதுதான் வந்தது. ஆனால் சில முதிய சகோதரர்களுக்கு இதில் முழு மகிழ்ச்சி இருந்திருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மாட்டுத் தொழுவமும் மனப்பாடச் செபமுமாகத் தனக்கென்று ஒரு வாழ்க்கை வைத்திருந்தவரை, இனி வந்து சங்கீதம் பாடு என்றால் எப்படி இருக்கும்? இதைப் பற்றி உங்களில் யாருக்காவது கருத்து இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன். நன்றி.