அழைத்தவர் வீட்டில் விருந்தாளி செய்த வேலை

நடுவர் அவர்களே, கோபிசெட்டிபாளையத்துப் பெரியோர்களே, வணக்கம். வளரும் நாடுகளில் படையிறக்கிப் பெருங்கேடு விளைத்தது அமெரிக்காவா, சோவியத் ஒன்றியமா என்பது கேள்வி. சோவியத் ஒன்றியமே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவி, "ஈராக்கில் அமெரிக்கர் கதவை உடைத்து நுழைந்தார்கள்; ஆப்கானிஸ்தானுக்குச் சோவியத் படை அழைப்பின் பேரில் சென்றது; அழைத்த வீட்டுக்குப் போவதைக் குறை சொல்லும் இவர் கொங்கு நாட்டில் ஒரு சீருக்கும் போனதில்லை போலும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அம்மையீர், போயிருக்கிறேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், ஆப்கானிஸ்தானில் அழைத்தவர் கதி என்னவாயிற்று? படை அனுப்புங்கள் என்று மாஸ்கோவிடம் மன்றாடியவர் ஆட்சித் தலைவர் ஹபிசுல்லா அமீன். (தமக்கு முன் ஆட்சித் தலைவராக இருந்த தராக்கியைக் கொல்லச் செய்தவர்தான்; நல்லவர் என்று நான் வாதாடவில்லை.) 1979 டிசம்பர் 27 அன்று தாஜ்பேக் அரண்மனையில் விருந்து வைத்தார். அந்த உணவில் விஷம் கலக்க வைத்தது சோவியத் உளவுத்துறையான கேஜிபி. மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற ஓடி வந்தவர்கள் யார்? சோவியத் மருத்துவர்கள்! சதி அவர்களுக்குத் தெரியாது, பாவம்; பாடுபட்டுப் பிழைக்க வைத்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, இதை இன்னொரு முறை சொல்ல அனுமதியுங்கள்: விஷம் வைத்ததும் சோவியத், வைத்தியம் பார்த்ததும் சோவியத்! அன்று மாலையே சோவியத் சிறப்புப் படை அரண்மனைக்குள் புகுந்தது, அமீன் கொல்லப்பட்டார், வைத்தியம் பார்க்க வந்த மருத்துவர் ஒருவரும் அந்தச் சண்டையில் மாண்டார். பிறகு தங்களுக்கு வேண்டிய ஆப்கன் தலைவர் பப்ரக் கர்மாலை அமீனின் பதவியில் அமர்த்திவிட்டு, அரசு அழைத்தது, வந்தோம் என்று உலகுக்கு அறிவித்தார்கள். அழைத்தவர் பிணமாகக் கிடக்க, அழைப்பிதழை மட்டும் நீட்டுகிற விருந்தாளியை நம் ஊர்ச் சீரில் எந்தப் பந்தியில் உட்கார வைப்பது, அம்மையீர்?

லாவோசில் 1964 முதல் 1973 வரை அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு வீசியதை மறுக்கவில்லை. ஆனால், ஆப்கன் மலைப்பாதைகளில் சோவியத் ஹெலிகாப்டர்கள் தூவிய பட்டாம்பூச்சிக் கண்ணிவெடியை நினைத்துப் பாருங்கள்: உள்ளங்கையளவு பிளாஸ்டிக், இரண்டு சிறகு. விளையாட்டுச் சாமான் என்று கையிலெடுத்த பிள்ளைகள் விரலை இழந்தார்கள், கையை இழந்தார்கள். முன்வரிசையில் பேரனை மடியில் வைத்திருக்கும் அம்மிச்சியைக் கேட்கிறேன்: கீழே கிடக்கும் வண்ணப் பொருளைத் தொடாதே என்று எந்தக் குழந்தைக்குச் சொல்லி முடிக்க முடியும், தாயே? நடுவர் அவர்களே, எண்ணிக்கையை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். தீர்ப்பை அந்த அம்மிச்சியிடம் கேட்டுச் சொல்லுங்கள். வணக்கம்.